"ஒரு மேசைக்கு நான்கு நாற்காலி": இதைக் கட்டுப்பாடாக எழுதுவது எப்படி?

மரத்தூள்:
சின்னத் தச்சுப் பட்டறை நடத்துகிறேன். மேசை, நாற்காலி இரண்டு மட்டும்தான் செய்கிறோம். ஒரு மேசைக்கு 30 சதுர அடி பலகையும் 5 மணி நேர வேலையும் பிடிக்கும். நாற்காலிக்கு 6 சதுர அடி, 3 மணி நேரம். மாதத்துக்கு 600 சதுர அடி பலகை இருக்கிறது, ஆள் வேலை 150 மணி நேரம். மேசையில் 9 பங்கு லாபம் என்றால் நாற்காலியில் 2 பங்கு. மேசை ஒவ்வொன்றுக்கும் நான்கு நாற்காலியாவது இருந்தால்தான் விற்கும். பள்ளியில் படித்த நேரியல் திட்டமிடல் (இருக்கும் அளவுக்குள் லாபத்தைப் பெரிதாக்கும் கணக்கு) ஞாபகத்தில் இப்படி எழுதினேன். மே என்பது மேசைகளின் எண்ணிக்கை, நா என்பது நாற்காலிகளின் எண்ணிக்கை:

9மே + 2நா பெருமமாக வேண்டும்
30மே + 6நா ≤ 600
5மே + 3நா ≤ 150
மே ≥ 4நா
மே, நா ≥ 0

விரிதாளில் இப்படிப்பட்ட கணக்குக்கு விடை தேடித் தரும் சால்வர் என்ற கருவி 19.05 மேசை, 4.76 நாற்காலி என்கிறது. மூன்று நாளாகப் பார்க்கிறேன், தப்பு எங்கே என்று பிடிபடவில்லை.

எண்விரும்பி:
மே ≥ 4நா என்ற வரி தலைகீழ். விகிதமாகவே எழுதிப் பாருங்கள்: மொத்தத்தில் 80 சதவீதமாவது நாற்காலி, அதாவது நா / (மே + நா) ≥ 0.8. அர்த்தம் கண்ணுக்குத் தெரியும்.

கயிறுகோல்:
எண்விரும்பி சொல்லும் அர்த்தம் சரி. ஆனால் அந்த வடிவத்திலேயே சால்வருக்குக் கொடுக்காதீர்கள். மாறியை மாறியால் வகுத்தால் அது நேரியல் இல்லை. மே + நா பூஜ்யத்துக்கு மேல் என்பதால் தைரியமாகப் பெருக்கலாம்: நா ≥ 0.8மே + 0.8நா. நாற்காலியை ஒரு பக்கம் சேர்த்தால் 0.2நா ≥ 0.8மே, அதாவது நா ≥ 4மே. சுற்றி வந்தாலும் அதே இடம்தான்.

மரத்தூள், இந்தத் தப்பு எப்படி வருகிறது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். "ஒரு மேசைக்கு நான்கு நாற்காலி" என்று வாய் சொல்லும் வரிசையிலேயே கை எழுதிவிடுகிறது: முதலில் மே, பிறகு 4, பிறகு நா. நான் பல வருடங்களாக ஆள், இயந்திரம், நேரம் பங்கிடும் வேலையில் இருக்கிறேன். எனக்கும் இது நேர்ந்திருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய பலருக்கும் நேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் எந்த விகித வரியை எழுதினாலும், சரி என்று உறுதியாகத் தெரிந்த ஓர் உதாரணத்தைப் போட்டுப் பார்ப்பேன். 1 மேசை, 4 நாற்காலி உங்களுக்குச் சம்மதம்தானே? உங்கள் வரியில் போடுங்கள்: 1 ≥ 16. உடனே பிடிபடும். பிறகு, கூடவே கூடாத ஒன்றையும் போடுங்கள்: 1 மேசை, 3 நாற்காலி. நா ≥ 4மே என்பதில் 3 ≥ 4 என்று வரும், வரி அதைத் தள்ளிவிடும். இந்த இரண்டு சோதனையும் தாண்டாத வரியை நான் நம்புவதில்லை.

இன்னொன்று. நீங்கள் கேட்பது இந்தத் துறை பிறந்த இடத்துக் கேள்வி. லெனின்கிராடில் ஒட்டுப்பலகைத் தொழிலின் ஆய்வகம் ஒன்று, எந்த மரத்தை எந்த இயந்திரத்துக்குக் கொடுப்பது என்று கேட்டதில் தொடங்கித்தான் சோவியத் கணித அறிஞர் கன்டரோவிச் 1939-இல் தன் நூலை வெளியிட்டார். பாகங்கள் விகிதப்படி சேர்ந்தால்தான் ஒரு முழுப் பொருள் ஆகும் என்ற நிபந்தனையும் அதில் உண்டு. அவருக்கு 1975-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

மரத்தூள்:
மாற்றிவிட்டேன், நன்றி ஐயா. இப்போது மே = 8.82, நா = 35.29, லாபம் 150 என்று வருகிறது. 9 மேசை, 35 நாற்காலி என்று எடுத்துக்கொள்ளட்டுமா?

கயிறுகோல்:
வேண்டாம். போட்டுப் பாருங்கள்: நேரம் 45 + 105 = 150, சரியாக முட்டுகிறது. ஆனால் 9 மேசைக்கு 36 நாற்காலி வேண்டும், ஒன்று குறைகிறது. அந்த ஒன்றைச் சேர்த்தால் 153 மணி நேரம் ஆகிவிடும். சால்வரில் இரண்டு மாறிக்கும் "முழு எண்" என்று ஒரு நிபந்தனை சேருங்கள். 8 மேசை, 36 நாற்காலி வரும். 148 மணி நேரம், லாபம் 144.

பலகையையும் கவனியுங்கள். 456 சதுர அடிதான் செலவாகிறது, 144 அடி சும்மா கிடக்கும். ஆகவே இப்போதைக்குப் பலகை வாங்கிப் பயன் இல்லை, உங்களை இறுக்குவது நேரம். பின்னத்தை அனுமதித்த கணக்கில், கூடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் லாபம் சரியாக 1 பங்கு கூடும். ஏறக்குறைய 189 மணி நேரம் வரை இது செல்லும், அதன் பிறகு பலகை முட்டும். பகுதி நேரமாக ஒருவரைச் சேர்க்க யோசித்தால், அவருடைய ஒரு மணி நேரக் கூலியை அந்த 1 பங்கோடு ஒப்பிடுங்கள்.

எண்விரும்பி:
வகுத்தல் விஷயம் எனக்கும் புதிது. குறித்துக்கொண்டேன்.

மரத்தூள்:
தம்பி மாலையில் இரண்டு மணி நேரம் வரத் தயார் என்கிறான். மாதத்துக்கு 25 நாள் என்றால் 50 மணி நேரம். மொத்தம் 200 ஆகும், 189-ஐத் தாண்டிவிடுகிறது. அப்படியானால் பலகையும் கொஞ்சம் கூட்ட வேண்டும். இரண்டையும் மாற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்.