போக மாட்டேன் என்று உட்கார்ந்திருந்த ஃபைல்கள்

ரங்கூன் கணக்குப்பிள்ளை:

எங்கள் கோயில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் நடந்ததைச் சொல்கிறேன். உங்களில் யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் நீங்களும் எழுதுங்கள்.

தீமிதி பார்க்க சிங்கப்பூரிலிருந்து வந்த உறவுக்காரப் பையன், எடுத்த படங்களையெல்லாம் எங்கள் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். அவன் லேப்டாப்பில் இருப்பது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். அன்றைக்கு அது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

டிஸ்க்கைத் திறந்தால் 'தீமிதி' என்று ஒரு ஃபோல்டர். அதன் கீழேயே இன்னொரு 'தீமிதி'. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டை விண்டோஸ் விடாதே என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். இதைத் திறந்தாலும் அதே படம், அதைத் திறந்தாலும் அதே படம். சரி, பையன் இரண்டு தடவை காப்பி பண்ணிவிட்டான் என்று இரண்டாவதை அழித்தேன். போனது முதலாவது! இரண்டாவது அசையாமல் நிற்கிறது. அதைத் தொட்டால், 'அப்படி ஒன்று இங்கே இல்லை' என்கிறது. கண்ணெதிரே இருப்பதைக் காட்டி இல்லை என்று சொன்னால் மனுஷன் என்ன செய்வான்? நல்லவேளை, ரீசைக்கிள் பின்னில் முதலாவது கிடந்தது. மீட்டுவிட்டேன்.

காரணம் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. நடுவில் கரண்ட் இல்லாத நேரமே அதிகம், அது தனிக் கதை. இரண்டாவது ஃபோல்டரின் பெயருக்குக் கடைசியில் ஒரு ஸ்பேஸ் இருந்தது. லினக்ஸுக்கு அதுவும் ஓர் எழுத்து மாதிரிதான். விண்டோஸோ பெயரின் கடைசியில் வரும் ஸ்பேஸையும் புள்ளியையும் தானாகவே வெட்டிவிட்டுத்தான் தேடும். வெட்டினால் மிஞ்சுவது முதல் ஃபோல்டரின் பெயர். அதனால்தான் அதைத் திறந்தது, அதையே அழித்தது. முதலாவது போன பிறகு அந்தப் பெயரில் எதுவும் இல்லை, ஆகவே 'இல்லை' என்றது. பொய் சொல்லவில்லை பாவம்.

கட்டளைகளை டைப் அடிக்கும் கறுப்பு ஜன்னலான கமாண்ட் பிராம்ப்ட்டில் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. அதனால் பெயரை டைப் அடிக்காமல் டேப் பட்டனைத் தட்டித் தட்டி வரவழைத்தேன். முதல் ஃபோல்டர் மேற்கோள் குறி இல்லாமல் வந்தது. இரண்டாவது மேற்கோள் குறிக்குள் வந்தது, மூடும் குறிக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி. அங்கேதான் பிடித்தேன். ஃபோல்டரை நீக்கும் ஆர்டி கமாண்டில், டிரைவ் எழுத்துக்கு முன்னால் \\?\ என்ற நான்கு குறிகளைச் சேர்த்தால் விண்டோஸ் பெயரைத் திருத்தாமல் அப்படியே எடுத்துக்கொள்ளும். மேற்கோள் குறியும் அந்த ஸ்பேஸும் விட்டுப்போகக் கூடாது. எண்டர் தட்டினேன், போய்விட்டது.

மௌல்மீன் கடைக்காரன்:

அண்ணே, உங்க கதைக்கு நேர் எதிர் கதை எங்கிட்ட இருக்கு. அழியாத ஃபோல்டரை நானே செஞ்சு ஊருக்கெல்லாம் போட்டுக் குடுத்தவன் நான்.

பென்டிரைவ் வைரஸ் தலைவிரிச்சு ஆடுன காலம். அப்ப இங்க பாட்டு, படம், பள்ளிக்கூட நோட்டு எல்லாமே கை மாறுறது பென்டிரைவ்லதான். ஆட்டோரன்னு ஒரு சின்ன ஃபைலை வைரஸ் டிரைவ்ல எழுதி வச்சிடும், குத்துன உடனே தொத்திக்கும். மைக்ரோசாஃப்ட் 2011 பிப்ரவரியில பழைய விண்டோஸுக்கும் அப்டேட் விட்டு அந்த வழியை அடைச்சாங்க. ஆனா நம்மூர்ல திருட்டு விண்டோஸும் நெட்டில்லாத கம்ப்யூட்டரும்தானே, அப்டேட் எங்க வரும்?

அதுக்கு நாங்க கட்டுன தாயத்து இது: வைரஸ் எந்தப் பேர்ல ஃபைல் எழுதுமோ, அதே பேர்ல முன்னாடியே ஒரு ஃபோல்டர் போட்டு வச்சிடறது. ஒரே பேர்ல ரெண்டு இருக்க முடியாதில்ல? வைரஸ் அந்த ஃபோல்டரை அழிச்சிடாம இருக்க, உள்ள 'கான்' (CON) அப்படின்னு இங்கிலீஷ் மூணெழுத்துல இன்னொரு ஃபோல்டர். அந்தப் பேரை விண்டோஸ் தொடாது. கான்னா கன்சோல், அதாவது கீபோர்டும் ஸ்கிரீனும். பிரிண்டருக்கு பிஆர்என், ஒண்ணுமில்லாததுக்கு நல், இப்படி ஒரு பட்டியலே உண்டு. 1981ல விண்டோஸுக்கு முன்னோடியான டாஸ் வந்தப்ப அதுல ஃபோல்டரே கிடையாது. 1983ல ரெண்டாவது டாஸ்லதான் ஃபோல்டர் வந்துச்சு. பழைய புரோகிராம் ஓடணுமேன்னு எல்லா ஃபோல்டர்லயும் இந்தப் பேர்களை ஒதுக்கி வச்சாங்க, அந்த வழக்கம் ரொம்ப வருஷம் தொடர்ந்துச்சு.

ஒரு நாள் ஒரு ஸயாமா, பள்ளிக்கூட டீச்சர், கோவமா வந்தாங்க. "நீதான் வைரஸ் ஏத்திவிட்டே, எவ்வளவு அழிச்சாலும் போகல"ன்னு கடை வாசல்லயே சத்தம். தாயத்துன்னு விளக்கினேன், நம்பல. பத்துப் பேர் வேடிக்கை பாக்க, நான் கட்டுனதை நானே அவுத்தேன். அண்ணன் சொன்ன அதே \\?\ வித்தைதான். ஒரு வாரத்துல அதே பென்டிரைவ் வைரஸோட திரும்பி வந்துச்சு. அப்ப அவங்க சத்தம் போடல, நானும் ஒண்ணும் கேக்கல.

டைப்பிங் அக்கா, ரங்கூன்:

எனக்கு வந்தது இவ்வளவு பெரிசில்லை. தங்கச்சி கல்யாண வீடியோவை அழிக்கப் போனால் 'வேறொரு புரோகிராமில் திறந்திருக்கிறது' என்றே வரும். எதுவும் திறந்திருக்காது. கடைசியில் பார்த்தால் வலது பக்கம் வரும் பிரிவியூ பலகைதான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் கிளிக் பண்ணும்போதெல்லாம் நானே திறந்துகொண்டிருந்திருக்கிறேன். பலகையை மூடியதும் போய்விட்டது. யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க விண்டோஸிலேயே இருக்கும் ரிசோர்ஸ் மானிட்டரில் சிபியு பக்கத்திலுள்ள ஹேண்டில்ஸ் பெட்டியில் ஃபைல் பெயரைத் தேடினால் போதும். இதற்கென்று புது சாஃப்ட்வேர் எதையும் இறக்காதீர்கள். அப்படி ஒன்றை இறக்கப்போய், கூடவே வந்த விளம்பரங்களை நீக்கத்தான் எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது.

பெகு பஜனைக் கோஷ்டி:

என் தப்பை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

எங்கள் கோஷ்டி பாடியதையெல்லாம் பதிவு செய்து வைத்திருந்தேன். ஒவ்வொரு ஃபைலுக்கும் பாட்டின் முதல் வரி முழுதாக, பாடியவர் பெயர், எந்தக் கோயில், என்ன விசேஷம். பிறகு ஒரு நாள் ஆர்வக்கோளாறில் மேலே இருந்த ஃபோல்டர்களின் பெயரையும் நீட்டினேன். அதோடு உள்ளே இருந்த பாதிப் பாட்டு திறக்கவுமில்லை, நகரவுமில்லை, அழியவுமில்லை. டிரைவ் எழுத்திலிருந்து ஃபைல் பெயரின் கடைசி எழுத்துவரை மொத்தப் பாதையும் 260 எழுத்துக்குள் இருக்க வேண்டுமாம். தமிழில் நாம் ஒன்று என்று நினைப்பதைக் கம்ப்யூட்டர் ஒன்றாக எண்ணுவதில்லை. 'கொ' அதற்கு இரண்டு, 'ஸ்ரீ' நான்கு. பக்திப் பாட்டில் ஸ்ரீக்குப் பஞ்சமா?

கெட்டுப்போனது என்று நினைத்து அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் அழித்துவிட்டு கேசட்டிலிருந்து மறுபடி ஏற்றலாம் என்று முடிவு செய்தேன். விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற காப்பி கமாண்டில் ஒரு காலி ஃபோல்டரைக் காட்டி, 'இதைப் போலவே அதையும் ஆக்கு' என்று மிரர் போட்டால் எவ்வளவு நீளப் பெயரும் போய்விடும் என்று ஒரு தம்பி சொன்னான். உண்மைதான், போய்விடும். நான் 'அது' என்று காட்டியது அந்த ஃபோல்டரை இல்லை, அதற்கு மேலே இருந்ததை. மூச்சுவிடும் நேரத்தில் மொத்தப் பாட்டும் காலி. அது ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது.

டிஸ்க்கில் வேறு எதையும் எழுதாமல் மீட்கும் புரோகிராம் போட்டுத் தேடியதில் பாதிக்கு மேல் கிடைத்தன, ஆனால் பெயரில்லாமல். இப்போது ஒவ்வொன்றாகக் கேட்டு, குரலை வைத்து யார் பாடியது என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேர் இப்போது இல்லை. அவர்கள் குரல் வந்தால் அன்றைக்கு அதற்கு மேல் வேலை ஓடாது.

இதில் வயிறு எரிவது என்னவென்றால், மேல் ஃபோல்டரின் பெயரைப் பழையபடி 'பாட்டு' என்று சுருக்கியிருந்தால் எல்லாம் அப்படியே திறந்திருக்கும்.

தட்டோன் தம்பி:

பெகு அண்ணே, படிச்சிட்டு மனசு கஷ்டமா இருக்கு. அப்படியே என்னுதையும் சொல்லிடறேன்.

என் பென்டிரைவ்ல ஃபைலை அழிச்சா அழியும். கழட்டி மாட்டினா எல்லாம் திரும்ப வந்து உக்காந்திருக்கும். ஃபார்மேட் பண்ணாலும் அப்படியே. எங்க ஆயா "அதுல ஏதோ இருக்குடா, வெளிய போடு"ன்னு சொல்லிச்சு. விஷயம் என்னன்னா, உள்ள இருக்கிற ஃபிளாஷ் மெமரி தேஞ்சுபோனா, சில பென்டிரைவ் எழுதறதை நிறுத்திடும், படிக்க மட்டும் விடும். நாம அழிச்சது கம்ப்யூட்டர் நினைவுல மட்டும் நடந்திருக்கு. அதுக்கு வைத்தியம் கிடையாது. இருக்கிறதைக் காப்பி எடுத்துக்கிட்டு ஆயா சொன்னதைத்தான் செஞ்சேன்.

கரண்ட் போய்ப் போய் வந்து, பேரெல்லாம் கிறுக்கலா, சைஸ் தாறுமாறா ஃபைல் தெரிஞ்சா அது வேற நோவு. அதுக்கு முதல்ல முடிஞ்சதைக் காப்பி எடுத்துட்டு, அப்புறம் டிஸ்க் கோளாறைச் சரிபாக்கிற விண்டோஸோட செக் டிஸ்க் ஓட்டிப் பாருங்க.

ரங்கூன் கணக்குப்பிள்ளை:

பெகுக்காரரே, கோயில் பழைய கேசட் பெட்டியில் உங்கள் கோஷ்டி பாடியது நாலைந்து இருப்பதாக ஞாபகம். ஞாயிற்றுக்கிழமை பார்த்துச் சொல்கிறேன்.

தம்பி, செக் டிஸ்க்கைக் குறித்துக்கொண்டேன். சிங்கப்பூர்ப் பையன் நேற்று ஆள் மூலம் இன்னொரு டிஸ்க் கொடுத்தனுப்பியிருக்கிறான். திறந்து பார்த்தேன். 'பந்தி' என்று ஒன்று, அதன் கீழே இன்னொரு 'பந்தி'.