டார்க் கன்வெர்ட்டர் கியர்பாக்ஸ்: பிரிச்சு வேலை பார்க்கறதா, பெட்டியையே மாத்தறதா?

டீசல்செடான்:
2014 மாடல், 6 ஸ்பீடு ஆட்டோமேட்டிக், 1,32,000 கி.மீ. கியர்பாக்ஸ் ஆயில் இதுவரை மாத்தினதில்லை. வண்டி சூடானதும் 2லிருந்து 3க்குப் போறப்ப ஆர்பிஎம் சும்மா ஏறி, அப்புறம் ஜெர்க் அடிச்சு விழுது. 60-70ல லேசா ஆக்சிலரேட்டர் குடுத்தா அதிருது. ரிவர்ஸ் பிடிக்க ரெண்டு செகண்ட் ஆகுது. ஸ்கேன் பண்ணினா பி0741னு ஃபால்ட் கோடு வருது. கியர்பாக்ஸ் அசெம்ப்ளியே மாத்தணும், 3.4 லட்சம்னு சொல்றாங்க. வண்டி வித்தாலே நாலரைதான் வரும்.

பல்சக்கரம்:
பி0741 வந்தா பெட்டி போச்சுன்னு அர்த்தமில்லைங்க. டார்க் கன்வெர்ட்டர்னா இன்ஜின் சுழற்சியை ஆயில் மூலமா கியர்பாக்ஸுக்குக் கடத்தற பாகம். அது உள்ள, ரெண்டையும் நேரா இணைக்கற லாக்கப் கிளட்ச் பிடிக்காம வழுக்குது, அவ்வளவுதான். சொலினாய்டு (ஆயில் வழியைத் திறந்து மூடற மின் வால்வ்), வால்வ் பாடி (ஆயில் பிரஷரை அந்தந்த கிளட்சுக்குப் பிரிச்சு அனுப்பற பாகம்), கன்வெர்ட்டர்னு எதுவும் காரணமா இருக்கலாம். சூடானா மட்டும் வர்றதால எனக்கு வால்வ் பாடி மேலதான் சந்தேகம். ஆயில் சூட்டுல இளகினதும் தேஞ்ச துளை வழியா பிரஷர் கசியும்.

முதல்ல ஆயில் லெவல். இன்ஜின் ஐடில்ல ஓடணும், மேனுவல்ல போட்டிருக்கற வெப்பநிலைல பார்க்கணும். குறைஞ்சிருந்தாலே இந்தத் தொல்லை அத்தனையும் வரும். அப்புறம் கியர்பாக்ஸ் அடியில இருக்கற ஆயில் தட்டைக் கழட்டி, அதுல இரும்புத்தூள் பிடிக்கற காந்தத்தைத் துடைச்சுப் பாருங்க. சாம்பல் கலர்ல மை மாதிரி பசை இருந்தா சகஜம். விரல்ல நிரடற இரும்புச் சில்லு இருந்தா பேரிங்கோ கியரோ போயிருக்கு. ஆயில் கறுத்து தீஞ்ச வாடை அடிச்சா கிளட்ச் பிளேட் எரிஞ்சிருக்கு. ரோஸ்மில்க் மாதிரி இருந்தா ரேடியேட்டர் உள்ள இருக்கற ஆயில் கூலர் ஓட்டையாகி கூலன்ட் கலந்திருக்கு. அப்படின்னா பிளேட்ல ஒட்டியிருக்கற லைனிங் உரிஞ்சு வந்துடும், ஆயில் மாத்தி ஒண்ணும் ஆகாது.

வால்வ்பாடி:
மேல சொன்னது சரி. கூடவே லைன் பிரஷர் டெஸ்ட் (கியர்பாக்ஸ் உள்ள ஆயில் பிரஷரை அளக்கறது) கேளுங்க, கேஜ் மாட்டி சூட்டுல எடுக்கணும். பிரஷர் சரியா இருந்தும் வழுக்கினா பிளேட் தேஞ்சிருக்கு, பெட்டியை இறக்கியே ஆகணும். பிரஷர் குறைவா, காந்தம் சுத்தமா இருந்தா வால்வ் பாடி வேலையோட முடியலாம். நிறைய மாடல்ல அதுக்குப் பெட்டியை இறக்கவே வேண்டாம்.

ஆயில் ஒரு தடவை வடிச்சா பாதிதான் வரும், மீதி கன்வெர்ட்டர்ல நிக்கும். அதனால கொஞ்சம் ஓட்டி ஓட்டி ரெண்டு மூணு தடவை மாத்துங்க. மேனுவல்ல இருக்கற கிரேடு மட்டும்தான். முடிஞ்சதும் ஸ்கேனர்ல அடாப்டேஷன் ரீசெட் (கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் பழகி வச்சிருக்கற அளவை அழிக்கறது) பண்ணணும், இல்லன்னா பழைய ஜெர்க் அப்படியே இருக்கலாம்.

டீசல்செடான்:
சில்லு வந்துட்டா? செகண்ட் ஹேண்ட் பெட்டி போடலாமா?

பல்சக்கரம்:
இருக்கற பெட்டியையே பிரிச்சு, தேஞ்சதை மாத்தற ஓவர்ஹாலுக்குப் போங்க. செகண்ட் ஹேண்ட்ல உள்ள என்ன தேஞ்சிருக்குன்னு பிரிக்காம தெரியாது. அதையே போடறதா இருந்தா பெட்டி மேல இருக்கற அடையாளத் தகட்டுல போட்டிருக்கற கியர்பாக்ஸ் கோடு அப்படியே ஒத்துப்போகணும், வாரண்டி எழுத்துல வேணும். எதைச் செஞ்சாலும் கன்வெர்ட்டரையும் மாத்திடுங்க இல்ல ரீபில்ட் பண்ணுங்க, ஆயில் கூலரைப் புதுசாப் போடுங்க. பழைய கூலர்ல தங்கின சில்லு புதுப் பெட்டியையும் தின்னுடும். எஸ்டிமேட்ல இந்த ரெண்டு ஐட்டமும் தனியா இருக்கான்னு பார்த்துட்டு சரின்னு சொல்லுங்க.