துருவப் பயண வரலாற்றை ஆய்வாக எடுத்தால் பிழைக்க முடியுமா?

வைகைக்கரையான்:

வணக்கம். மதுரையில் எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆறாம் வகுப்பில், ஊர் நூலகத்தில் அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தில்தான் தென்துருவக் கதையை முதலில் படித்தேன். 1911 டிசம்பர் 14 அன்று நார்வேக்காரர் அமுண்ட்சென் போய்ச் சேர்ந்துவிட்டார். பிரிட்டனின் ஸ்காட்டும் அவரோடு நான்கு பேரும் 1912 ஜனவரி 17 அன்று போய் நின்றபோது அங்கே நார்வே கொடி. திரும்பும் வழியில் ஐந்து பேரும் செத்துப்போனார்கள். அன்று பிடித்த பித்து இன்னும் விடவில்லை.

இதையே பி.எச்டி.க்கு எடுக்க நினைக்கிறேன். ஸ்காட் தோற்றது திட்டமிடல் சரியில்லாததாலா, துரதிர்ஷ்டத்தாலா என்பது தலைப்பு. துறைத் தலைவரிடம் சொன்னேன். "சோழர் கால நீர்ப்பாசனம் எடு, கைடு கிடைப்பார்" என்றார். அப்பா இன்னும் சுருக்கம்: "ஐஸைப் படிச்சு என்னடா பண்ணப்போற?"

இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள்.

டீக்கடை பெஞ்ச்:

தம்பி, ஆர்வத்தைக் குறை சொல்லவில்லை. முதலில் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வை முடியுங்கள். டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) அறிவிப்பு வந்தால் விட்டுவிடாதீர்கள். பெங்குவின் எங்கேயும் போய்விடாது.

பென்சில்முனை:

மேலே சொன்னவர் சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள், அதில் பாதி உண்மை.

நான் இந்தத் துறையில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். ஆனால் என் வேலை நியமனக் கடிதத்தில் துருவம் என்ற சொல்லே கிடையாது. இங்கிலாந்தின் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பிரிட்டிஷ் பேரரசு வரலாறு கற்பிக்கிறேன். அடிமை வணிகம், கிழக்கிந்தியக் கம்பெனி, ஐரிஷ் பஞ்சம் எல்லாம் நடத்தி முடித்த பிறகு, வருடத்தில் ஒரு பருவம், வியாழக்கிழமை மதியம், பதினான்கு மாணவர்களோடு துருவம். அவ்வளவுதான் எனக்குக் கிடைக்கும் பனி. 'துருவ வரலாற்றுப் பேராசிரியர் தேவை' என்று ஒரு விளம்பரத்துக்காகக் காத்திருந்தால் தலை நரைத்துவிடும். பேரரசு வரலாறு, அறிவியல் வரலாறு, சுற்றுச்சூழல் வரலாறு என்று ஏதாவது ஒரு பெரிய வாசல் வழியாக நுழைய வேண்டும். ஒரு நேர்காணலில் (எந்த ஊர் என்பது வேண்டாம்) என் ஆய்வைப் பத்து நிமிடம் விளக்கி முடித்ததும் குழுவில் ஒருவர் கேட்டார், "சரி, முதலாம் ஆண்டுக்கு நெப்போலியன் எடுப்பீர்களா?" எடுப்பேன் என்றேன். வேலை கிடைக்கவில்லை, அது வேறு கதை.

இப்போது உங்கள் தலைப்புக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், இதை விட்டுவிடுங்கள். நானும் இதே தலைப்போடுதான் விமானம் ஏறினேன். 1979இல் ரோலண்ட் ஹன்ட்ஃபோர்ட் எழுதிய நூல், ஸ்காட் ஒரு திறமையில்லாத தலைவர் என்று அடித்துச் சொல்லி, அதுவரை இருந்த தியாகி பிம்பத்தைக் கவிழ்த்துவிட்டது. அவர் பத்திரிகையாளர். 2001இல் சூசன் சாலமன் வேறு பக்கத்திலிருந்து வந்தார். 1980களிலிருந்து அந்தப் பனிப்பரப்பில் நிற்கும் தானியங்கி வானிலை நிலையங்களின் கணக்கை எடுத்து, ஸ்காட் குழு எழுதிவைத்த வெப்பநிலையோடு ஒப்பிட்டு, 1912 மார்ச்சில் அடித்தது வழக்கமான குளிர் அல்ல, அபூர்வமாக வரும் குளிர் என்று காட்டினார். மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே. (ஃபாரன்ஹீட்டா செல்சியஸா என்று கேட்க வேண்டாம், அந்த ஒரு எண்ணில் இரண்டும் ஒன்றுதான்.) அவர் ஓசோன் ஓட்டைக்குக் காரணம் கண்டுபிடித்தவர்களில் ஒருவர், வேதியியல்காரர். ஆக, நீங்கள் கேட்கும் கேள்வியில் இரண்டு பெரிய திருப்பங்களையும் கொடுத்தவர்கள் வரலாற்றுத் துறைக்கு வெளியே இருந்தவர்கள். மூன்றாவது திருப்பம் உங்களிடம் இருக்கிறதா?

இதைத்தான் என் ஆய்வு வழிகாட்டி முதல் நாளே கேட்டார். "யாரும் பார்க்காத எந்தக் காகிதத்தைப் பார்க்கப் போகிறாய்?" என்னிடம் பதில் இல்லை. விடுதிக்குப் போய் ஒரு மூச்சு அழுதேன்.

பதில் கேம்பிரிட்ஜில் கிடைத்தது. ஸ்காட் பெயரால் 1920இல் தொடங்கிய துருவ ஆய்வு நிறுவனம் அங்கே லென்ஸ்ஃபீல்ட் சாலையில் இருக்கிறது. வாசலில் நுழைந்து அண்ணாந்து பார்த்தால் இரண்டு சிறிய குவிமாடங்கள், ஒன்றில் வடதுருவ வரைபடம், இன்னொன்றில் தென்துருவம், சுற்றிலும் குட்டிக் குட்டிக் கப்பல்கள். நான் போய்வந்த நாட்களில் காலைக் காப்பிக்கும் மாலைத் தேநீருக்கும் ஸ்காட்டின் டெர்ரா நோவா கப்பல் மணியையே அடிப்பார்கள். பனிப்பாறையில் துளைபோடுகிறவர், கலைமான் மேய்ப்பவர்களைப் பற்றி எழுதுகிறவர், என்னைப் போலப் பழைய காகிதம் புரட்டுகிறவர் எல்லாரும் ஒரே மேசையில் பிஸ்கட் தின்போம். ஆவண அறைக்குள் பேனாவுக்கு அனுமதி கிடையாது, பென்சில் மட்டும். என் புனைபெயர் அங்கிருந்து வந்ததுதான்.

அங்கேதான் ஜார்ஜ் சிம்ப்சனைப் பிடித்தேன். ஸ்காட் குழுவின் வானிலை ஆய்வாளர். 'சன்னி ஜிம்' என்று செல்லப்பெயர். அவர் எங்கிருந்து போனார் தெரியுமா? சிம்லாவிலிருந்து! 1906இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தவர். அண்டார்டிகாவில் பலூன் பறக்கவிட்டு மேல்காற்றை அளந்துகொண்டிருந்தவரை, மேலதிகாரிக்கு உடம்பு சரியில்லை என்று 1912இல் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஸ்காட் கூடாரத்தில் செத்துக்கொண்டிருந்த அதே மார்ச்சில் இவர் கப்பலில் வந்துகொண்டிருந்தார், ஒன்றும் தெரியாமல். சிம்லாவில் பருவமழைக் கணக்கோடு உட்கார்ந்து அண்டார்டிகக் கணக்கையும் எழுதினார். அந்த அறிக்கையின் முதல் இரண்டு தொகுதிகள் 1919இல் அச்சானது லண்டனில் அல்ல, கல்கத்தாவில், தாக்கர் ஸ்பிங்க் அச்சகத்தில். தலைப்புப் பக்கத்தில் கல்கத்தா என்று பார்த்த அன்று நான் மணியடித்தும் காப்பிக்குப் போகவில்லை. என் பி.எச்டி. அந்தப் பக்கத்திலிருந்துதான் கிளம்பியது: பனிக்கண்டத்தின் காற்றை அளக்க இந்தியாவில் சம்பளம் வாங்கும் ஆள் ஏன் தேவைப்பட்டார்?

ஸ்காட்டோடு இறந்த பவர்ஸும் ராயல் இந்தியன் மரைன் என்ற பிரிட்டிஷ் இந்தியக் கடற்படையில் இருந்தவர், பர்மாவில் ஐராவதி ஆற்றில் கப்பல் ஓட்டியவர். அந்த ஐவரில் இன்னொருவரான ஓட்ஸ் இந்தியாவில் படைப்பிரிவில் இருந்தவர். தோண்டத் தோண்ட இப்படி வந்துகொண்டே இருக்கும்.

எல்லாரும் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அண்டார்டிகாவுக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன், சுற்றுலாக் கப்பலில் சொற்பொழிவாளராக. எங்கள் தொழிலில் பலருக்கு அதுதான் வழி. அர்ஜென்டினாவின் உஷுவாயாவில் ஏறி, டிரேக் நீரிணையில் இரண்டு நாள் வாந்தி எடுத்து, மூன்றாம் நாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஸ்காட்டைப் பற்றிப் பேசினேன். நாங்கள் இறங்கியது தீபகற்பப் பகுதியில். ஸ்காட்டின் குடிசை இருப்பது ராஸ் கடலில், கண்டத்தின் வேறொரு பக்கம். கூடலூரில் நின்றுகொண்டு காசியைப் பற்றிக் கதாகாலட்சேபம் செய்தது மாதிரி. குடிசையை இன்றுவரை பார்த்ததில்லை.

வைகைக்கரையான்:

அக்கா, ரொம்ப நன்றி. படித்ததும் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது. ஆனால் கல்கத்தா விஷயத்தை நான்கு தடவை படித்துவிட்டேன். இரண்டு சந்தேகம். வேறு மொழி கட்டாயமா? கேம்பிரிட்ஜ் போக வழியில்லாதவன் எங்கே தொடங்குவது?

ஒட்டாவா மாமா:

நான் ஆய்வாளன் இல்லை, கனடாவில் முப்பது வருடமாக இருக்கிற ஒரு கணக்காளன். தங்கச்சி முழுக்கத் தெற்கையே கதைத்ததால் வடக்குக்காக ஒரு வார்த்தை.

1845இல் பிரிட்டிஷ் கடற்படையின் ஃபிராங்க்ளின் இரண்டு கப்பல்களோடு ஆர்க்டிக்குள் போய், அவரோடு சேர்த்து 129 பேர் திரும்பவே இல்லை. 1854இல் ஜான் ரே என்பவர் அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான இன்யூட் மக்களிடம் விசாரித்து, அவர்கள் பட்டினியால் இறந்ததையும் கடைசியில் மனித இறைச்சி தின்றதையும் லண்டனுக்கு எழுதினார். காட்டுமிராண்டிகளின் பேச்சை நம்புவதா என்று சார்ல்ஸ் டிக்கன்ஸே தன் பத்திரிகையில் பாய்ந்தார். பிறகு கிடைத்த எலும்புகளில் கத்தி பட்ட தடம் இருந்தது. கப்பல்களும் 2014இலும் 2016இலும் கிடைத்தன. அவற்றில் ஒன்றான எரெபஸ் கிடந்தது, கப்பல் ஒன்று மூழ்கியதாக இன்யூட் மக்கள் தலைமுறையாகச் சொல்லிவந்த தெற்குப் பக்கத்தில். 2018இல் இங்கே கட்டினோ அருங்காட்சியகத்தில் அந்தப் பொருட்களை வைத்தபோது மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்குப் பெரிதாகப்பட்டது பொருட்கள் இல்லை. ஜோவா ஹேவன் ஊரின் லூயி காமூகாக் என்ற இன்யூட் மனிதர், சின்ன வயதில் பாட்டியின் தாய் சொன்ன கதையிலிருந்து தொடங்கி, முதியவர்களிடம் கேட்டுக் கேட்டு ஆயுள் முழுக்கச் சேர்த்துவைத்த வாய்மொழி வரலாறுதான். எந்தப் பல்கலைக்கழகத்திலும் இருந்தவர் இல்லை. அவரும் அந்த வருடமே காலமானார்.

பென்சில்முனை:

ஒட்டாவா அண்ணன் என் வாயை அடைத்துவிட்டார். நான் 'காகிதம், காகிதம்' என்று எழுதினேன். பாதிப் பேரின் வரலாறு காகிதத்தில் ஏறவே இல்லை என்பதை என் வகுப்பில் சொல்வேன், இங்கே மறந்துவிட்டேன்.

தம்பிக்கு: மொழி கட்டாயம். அமுண்ட்செனை ஆங்கிலத்தில் மட்டும் படித்துவிட்டு எழுதியவர்களால் நிறைய அபத்தம் நடந்திருக்கிறது. நான் நார்வேஜியனை முப்பது வயதில், இரவு வகுப்பில், மீன் கடை வைத்திருந்த ஒரு பாட்டியிடம் கற்றேன். படிக்க வரும், பேசினால் சிரிப்பார்கள். வடக்கு என்றால் ரஷ்யனோ, இன்யூட் மக்களின் மொழியான இன்யூக்டிடுட்டோ வேண்டும். இந்தியா சார்ந்த கேள்வி என்றால் ஆங்கிலம் போதும், உருது கொஞ்சம் தெரிந்தால் நல்லது.

தொடங்கும் இடம் கேம்பிரிட்ஜ் இல்லை, உங்கள் கைபேசி. நியூசிலாந்தின் பழைய செய்தித்தாள்களை 'பேப்பர்ஸ் பாஸ்ட்' தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். 1913 பிப்ரவரி 10 அன்று டெர்ரா நோவா விடியுமுன் ஓமரு துறைமுகத்துக்குச் சத்தமில்லாமல் வந்து, சாவுச் செய்தியைத் தந்தியில் அனுப்பிவிட்டுப் போனது. அதற்கு அடுத்த ஒரு வாரத்துச் செய்தித்தாள்களை நாள்வாரியாகப் படியுங்கள். ஒரு தோல்வி எப்படிக் காவியமாகிறது என்பது கண்முன்னால் நடக்கும்.

அப்புறம் டெல்லி தேசிய ஆவணக்காப்பகத்தின் 'அபிலேக் படல்' இணையதளம். அதில் தேட இரண்டு விஷயம் தருகிறேன். ஒன்று, 1956இல் இந்தியா அண்டார்டிகப் பிரச்சினையை ஐ.நா. சபைக்குக் கொண்டுபோக முயன்றது. கிருஷ்ண மேனன் காலம். பல நாடுகள் முகம் சுளித்தன. 1959இல் 12 நாடுகள் ஒப்பந்தம் போட்டபோது இந்தியா அதில் இல்லை, 1983இல்தான் சேர்ந்தது. இதைப் பற்றி ஏட்ரியன் ஹவ்கின்ஸ் போன்றவர்கள் எழுதியிருக்கிறார்கள், ஆனாலும் இடம் இருக்கிறது.

இரண்டாவது என் செல்லம், நேரமில்லாமல் நான் தொடாதது. 1912இல் ஸ்காட்டின் முகாமுக்கு இந்தியாவிலிருந்து ஏழு கோவேறு கழுதைகள் போயின. லால் கான், குலாப், பேகம், ராணி, அப்துல்லா, பியாரி, கான் சாஹிப். இமயமலைப் பக்கம் பழக்கப்பட்டவை. அந்த நவம்பர் 12 அன்று ஸ்காட்டின் கூடாரத்தைக் கண்டுபிடித்த தேடுதல் குழுவோடு நடந்தவை இவைதான். கழுதைகளின் பெயர் நமக்குத் தெரிகிறது. அவற்றைப் பனியில் நடக்கப் பழக்கியவர்கள் யார்? என்ன கூலி? பேர்வைத்தது யார்?

கிடைக்காமலும் போகலாம். ஆறு மாதம் தேடி ஒன்றும் இல்லையென்றால் என்மேல் பழிபோடக் கூடாது. நெட் தேர்வையும் எழுதிவிடுங்கள், டீக்கடைக்காரர் சொன்னது சரி.

வைகைக்கரையான்:

நேற்று ராத்திரி இரண்டு மணிவரை 1913 செய்தித்தாள்கள்தான் படித்தேன். நெட் விண்ணப்பமும் போட்டுவிட்டேன். அப்பாவிடம் கோவேறு கழுதை விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஐஸுக்கு இது பரவாயில்ல" என்றார். அப்புறம், "தீவனம் எங்கேருந்து கொண்டுபோனானாம்?" என்று கேட்டார். அக்கா, அது தெரியுமா?