புதுப்பிப்பு: 115200 என்று காட்டும் மோடம்

லினக்ஸில் டயல்-அப் இணைப்பு போடும் நிரலான 'விவிடயல்' இணைந்ததும் 'கனெக்ட் 115200' என்கிறதே, தொலைபேசிக் கம்பியில் விநாடிக்கு அதிகபட்சம் 56,000 பிட் வேகம் உள்ள 56கே மோடத்தில் இது எப்படி என்று இங்கே கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது. அது கணினிக்கும் மோடத்துக்கும் நடுவே உள்ள சீரியல் போர்ட்டின் வேகம், தொலைபேசிக் கம்பியில் ஓடும் வேகம் அல்ல. விவிடயல் அமைப்புக் கோப்பின் இனிட் வரியில் (மோடத்தைத் தயார்படுத்தும் கட்டளை வரி), கம்பியின் வேகத்தைக் காட்டச் சொல்லும் 'டபிள்யூ2' சேர்த்தேன் (எல்லா மோடமும் இதை ஏற்காது, கையேட்டைப் பாருங்கள்). இப்போது 44000 என்கிறது. சரி, 56கே தரமான வி.90 இணைப்புதான், அதற்கு முந்தைய தரமான வி.34 என்றால் 33600-ஐத் தாண்டாது.

போர்ட் வேகத்தை 115200-லேயே விட்டுவிட்டேன். மோடம் தரவைச் சுருக்கி அனுப்புவதால், வெறும் உரைப் பக்கங்கள் இறங்கும்போது அந்த வேகம் தேவைப்படும்.

அப்புறம், அதே லைனில் மாட்டியிருந்த இன்னொரு போனையும் நீள ஒயரையும் கழற்றினேன், 48000 வந்தது. மோடத்துக்குக் கொடுக்கும் எந்த ஏடி கட்டளையும் ('டபிள்யூ2' போன்றவை) இவ்வளவு பலன் தரவில்லை.