பழைய டின்கி மீட்டியரா, புதிய 1/72 சேபரா?

டின்கிப்பிரியன்:
ஆரம்பகாலப் போர் ஜெட்களின் டைகாஸ்ட் (உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்யும்) மாடல் சேர்க்க ஆசைப்படும் ஒருவர், முதலில் எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தார். வந்த பதில்கள் எல்லாமே 1/72 அளவில், அதாவது நிஜ விமானத்தின் 72-இல் ஒரு பங்கில், இப்போது வரும் அமெரிக்க எஃப்-86 சேபரையும் சோவியத் மிக்-15-ஐயும்தான் சொல்கின்றன. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. முதல் காசைப் பழைய டின்கி டாய்ஸ் மீட்டியரில் போடுங்கள்.

கிளாஸ்டர் மீட்டியர் பிரிட்டிஷ் விமானப்படையின் 616ஆம் ஸ்குவாட்ரனுக்கு வந்ததே 1944 ஜூலையில்தான். 1946-லேயே லிவர்பூலின் மெக்கானோ நிறுவனம் அதை டின்கி பொம்மையாக வார்த்து விற்க ஆரம்பித்துவிட்டது. ஜெட் என்பது பெரியவர்களுக்கே புதுசாக இருந்த நாளில் ஒரு பையனின் கையில் இருந்த பொருள் அது. இன்றைய தொழிற்சாலையில் எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் அந்தக் காலம் அதற்குள் வராது.

சேபர்வால்:
டின்கி மீட்டியர் வரலாற்றுப் பொருள்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் அது பொம்மை. விமானத்தைப் பற்றி அது எதையுமே சொல்வதில்லை.

ஆரம்பகால ஜெட்களின் அழகே எஞ்சினுக்காக உடம்பு எப்படியெல்லாம் வளைந்து கொடுத்தது என்பதில்தான் இருக்கிறது. மீட்டியரில் இருந்தது காற்றை வெளிப்பக்கமாக வீசி அழுத்தும் மையவிலக்கு வகை எஞ்சின். அகலமானது, அதனால் இறக்கையிலேயே குண்டாகப் பதிந்திருக்கும். ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 262-இல் இருந்தது யுங்கர்ஸ் யூமோ 004 எஞ்சின். அது காற்றை நேராகப் பின்னோக்கித் தள்ளி அழுத்தும் அச்சு (axial) வகை, ஒல்லியானது, இறக்கைக்கு அடியில் நீளமாகத் தொங்கும். பிரிட்டனின் இன்னொரு ஜெட்டான வேம்பயரைப் பாருங்கள். வெளியேறும் குழாய் நீண்டால் உந்துவிசை வீணாகும் என்றுதான் உடம்பைக் குட்டையாக நிறுத்தி, வாலை இரண்டு தண்டுகளில் மாட்டினார்கள். மிக்-15-இன் பருத்த உடம்புக்குள் இருப்பது, பிரிட்டன் சோவியத்துக்கு விற்ற ரோல்ஸ்-ராய்ஸ் நீன் எஞ்சினைப் பார்த்துச் செய்த ஆர்டி-45. நாலு மாடலை வரிசையாக வைத்தால் இந்தக் கதை முழுக்கக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் டின்கியில் அது தெரியாது.

டின்கிப்பிரியன்:
வரைபடத்தைப் பார்த்தாலே அது தெரிந்துவிடுமே! அதற்கு எதற்கு இவ்வளவு விலை கொடுத்து மாடல்?

கிட்கட்டுபவன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். விமானத்தை உள்ளபடி காட்ட வேண்டுமென்றால் டைகாஸ்டே சரிப்படாது, பாகங்களை நாமே ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் கிட்தான் வழி. உங்களிடம் இருக்கும் 1/72 டைகாஸ்ட் எதையாவது எடுத்துப் பேனல் கோட்டை, அதாவது தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கோட்டை, அளந்து பாருங்கள். கோடு 0.2 மி.மீ. அகலம் இருந்தாலே நிஜ விமானத்தில் 14 மி.மீ.க்கு மேல் வரும். தகடுகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளியோடு எந்த ஜெட் பறந்தது? அதன்மேல் தடிமனான பெயின்ட், இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் இன்னொரு பிளவு. உலோக வார்ப்பில் இவ்வளவுதான் முடியும்.

வேம்பயரில் இது இன்னும் மோசம். அதன் மூக்கும் காக்பிட்டும் பால்சா மரத்தை ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே வைத்து அழுத்திச் செய்தவை. வழவழவென்று இருக்க வேண்டிய இடம். அங்கே தகட்டுக் கோடு கீறி வைத்த ஒரு வேம்பயரைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

ரன்வே27:
வேம்பயர் பேச்சு வந்ததால் நானும் ஒன்று சொல்கிறேன். 1948-இல் இந்திய விமானப்படைக்கு வந்த முதல் ஜெட் அதுதான். அப்புறம் பெங்களூரில் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை அதைத் தயாரிக்கவும் செய்தது. 1965 இந்திய-பாகிஸ்தான் போரில், செப்டம்பர் 1 அன்று காஷ்மீர் எல்லையின் சம்ப் பகுதியில் நான்கு வேம்பயர்களை இழந்த பிறகு முன்னணிச் சண்டைக்கு அதை அனுப்புவதை நிறுத்தினார்கள். நம் ஊர்ச் சேகரிப்பாளருக்கு முதல் மாடல் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. பழசா புதுசா என்பதெல்லாம் அப்புறம்.

சேபர்வால்:
கோட்டுக் கணக்கு சரிதான். ஆனால் எல்லா வார்ப்பும் ஒரே தரம் இல்லை. கிட்டிலும் சிக்கல் உண்டு. மிக்-15 கிட்டின் மூக்கில் எடை வைக்காமல் ஒட்டினால் வால் தரையில் உட்கார்ந்துவிடும். டைகாஸ்ட் வார்க்கும் துத்தநாகக் கலவை பிளாஸ்டிக்கைப் போல ஆறு மடங்குக்கு மேல் கனம். கையில் எடுக்கும்போது அந்தக் கனம் தரும் நிறைவை பிளாஸ்டிக் தருவதில்லை. தவிர, கிட் கட்ட எல்லோருக்கும் நேரமும் கைத்திறமையும் இருக்கிறதா?

எனக்கு உண்மையில் எரிச்சலூட்டுவது வேறு. ஒரே அச்சை வைத்துக்கொண்டு, பெயின்ட்டை மட்டும் மாற்றி எல்லா ரகத்தையும் விற்பது. கொரியப் போரின் தொடக்கத்தில் பறந்த எஃப்-86ஏ ரக சேபரின் இறக்கை முன்விளிம்பில் ஸ்லாட் (slat) என்ற நகரும் தகடு உண்டு. தரையில் நிற்கும்போது அது தானாக இறங்கித் தொங்கும். பிற்பாடு எஃப் ரகத்தில் வந்த இறக்கையில் ஸ்லாட்டை எடுத்துவிட்டு, விளிம்பை உடம்புப் பக்கம் 6 அங்குலமும் நுனியில் 3 அங்குலமும் நீட்டினார்கள். பிந்தைய இறக்கையோடு 1950 டிசம்பர் சேபர் என்று பெட்டியில் அச்சடித்தால் அது பொய். அதனால் புதியவரே, இறக்கையின் முன்விளிம்பு தெரிகிற படத்தை விற்பவரிடம் கேட்டு வாங்கிப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

புதியவன்:
கேள்வி கேட்டது நான்தான். எல்லோருக்கும் நன்றி. டின்கிப்பிரியன் ஐயா, பழைய வார்ப்புகள் தானாகவே வெடித்துப் பொடியாகிவிடும் என்கிறார்களே, மீட்டியருக்கும் அந்தப் பயம் உண்டா?

டின்கிப்பிரியன்:
நல்ல கேள்வி தம்பி. துத்தநாகத்தில் ஈயம் போன்ற கலப்படம் சேர்ந்தால் உள்ளுக்குள் அரிப்பு வரும். முதலில் மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்பு, பிறகு வீக்கம், கடைசியில் தொட்டாலே உதிரும். அதிகம் பாதிக்கப்பட்டவை போருக்கு முந்தைய டின்கிகள். ஜெட்கள் எல்லாமே போருக்குப் பின் வார்த்தவை என்பதால் அந்த ஆபத்து மிகக் குறைவு. வாங்கும்போது இறக்கை நேராக இருக்கிறதா, முனைகளில் வெடிப்பு உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வெள்ளிப் பெயின்ட் உதிர்ந்திருந்தால் தயவுசெய்து திரும்பப் பூசாதீர்கள். அசல் பெயின்ட்டும் இறக்கையில் ஒட்டிய வட்டச் சின்னமும் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் மேலே கை வைக்க வேண்டாம்.

கிட்கட்டுபவன்:
இதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பாதிக்கு மேல் உதிர்ந்து வெறும் உலோகமாகக் கிடப்பதைச் சுத்தம் செய்து பூசுவதில் என்ன பாவம்? அந்தப் பையன் விளையாடியதும் வெள்ளி மின்னும் மீட்டியரோடுதானே?

டின்கிப்பிரியன்:
அவன் விளையாடியதால்தான் அது உதிர்ந்தது. அதை அழிக்க நமக்கு உரிமை இல்லை.

புதியவன்:
இரண்டு பக்கமும் புரிகிறது. வேம்பயரில்தான் தொடங்கப் போகிறேன், 1/72-இலேயே. மூக்கில் கோடு கீறாத வார்ப்பு கிடைக்கும்வரை காத்திருக்கிறேன்.