பதில்: ‘எம்பராஸ்மென்ட்’ அளவுகோலுக்குத் தமிழ்: நெருடலா, இக்கட்டா, சங்கடமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

கேள்வியைப் போட்டுவிட்டு மூன்று நாள் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். திரும்பி வந்து பார்த்தால் இழை அனுமார் வால் மாதிரி நீண்டிருக்கிறது. இடையில் சேர்ந்தவர்களுக்காக மறுபடி சொல்லிவிடுகிறேன். இயேசுவின் கதையைச் சொல்லும் நற்செய்தி நூல்களை வரலாற்றுச் சான்றாக எவ்வளவு நம்பலாம் என்பது பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் ‘கிரைட்டீரியன் ஆஃப் எம்பராஸ்மென்ட்’ பக்கத்துக்கு இரண்டு முறை வருகிறது. அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்பதுதான் என் கேள்வி. ஒரு செய்தியைச் சொன்னால் சொல்பவருக்கே தலைகுனிவு என்றால், அதை அவரே இட்டுக்கட்டியிருக்க மாட்டார். ஆகவே அது நடந்ததாக இருக்கலாம். அவ்வளவுதான் முறை. விவிலிய ஆய்வாளர் பால் ஷ்மீடல் 1901இலேயே ஒன்பது பகுதிகளைப் பொறுக்கி எடுத்து, இவற்றை ஒரு பக்தர் கற்பனை செய்திருக்க முடியாது, இயேசுவின் வரலாற்றுக்கு இவையே தூண்கள் என்றார். 1991இல் இன்னொரு விவிலிய ஆய்வாளரான ஜான் மையர் தன் அளவுகோல் பட்டியலில் இதை முதலிடத்தில் வைத்தார். அவர் கத்தோலிக்கக் குருவானவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ‘இதெல்லாம் நாத்திகர் வேலை’ என்று ஒருவர் எழுதியிருந்ததால்.

> ‘நெருடல் அளவுகோல்’ என்று வைத்தால் என்ன? காதுக்கும் நன்றாக இருக்கிறது.

நன்றாகத்தான் இருக்கிறது. முதலில் நானும் அதில்தான் விழுந்தேன். ஆனால் நெருடுவது யாருக்கு? படிக்கிறவருக்கு. இந்த முறைக்கு வேண்டியது எழுதியவரின் அவஸ்தை. இரண்டும் வேறு என்பதற்கு இயேசு யோவானிடம் திருமுழுக்குப் பெற்ற கதையைப் பாருங்கள். (எங்கள் வீட்டில் ‘ஞானஸ்நானம்’தான். கட்டுரை போகும் இதழ் கத்தோலிக்க இதழ் என்பதால் திருமுழுக்கு. இந்தச் சண்டையைத் தயவுசெய்து வேறு இழையில் வைத்துக்கொள்வோம்.)

நான்கு நற்செய்திகளில் மூத்தது மாற்கு என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து, ஏறக்குறைய கி.பி. 70. பாவ மன்னிப்புக்காக மனம்மாறித் திருமுழுக்குப் பெறுங்கள் என்று யோவான் அறிவித்தார், இயேசு வந்தார், பெற்றார் என்று மாற்கு போகிற போக்கில் எழுதிவிடுகிறார். பாவமில்லாதவருக்குப் பாவ மன்னிப்பு முழுக்கு எதற்கு? கொடுப்பவர் பெரியவரா, பெறுபவர் பெரியவரா? மாற்கு இதற்கெல்லாம் அலட்டிக்கொண்டதாகவே தெரியவில்லை.

அலட்டிக்கொள்வது மத்தேயு. அவர் கதையில் யோவான் தடுக்கிறார்: நான் அல்லவா உம்மிடம் பெற வேண்டும், நீர் என்னிடம் வரலாமா? இயேசு அவரைச் சமாதானப்படுத்திய பிறகே முழுக்கு நடக்கிறது. லூக்கா இன்னும் சாமர்த்தியசாலி. ஆட்சியாளர் ஏரோது யோவானைச் சிறையில் அடைத்ததை முதலில் சொல்லி முடித்துவிட்டு, அடுத்த வசனத்தில் ‘இயேசுவும் திருமுழுக்குப் பெற்று’ என்கிறார். கொடுத்தது யார்? மூச்! நான்காம் நற்செய்தியிலோ யோவான் சாட்சி சொல்கிறார், ஆவி புறாவைப்போல் இறங்கியதைப் பார்த்தேன் என்கிறார். முழுக்கு மட்டும் இல்லை. இவை போதாதென்று ஐந்தாம் நூற்றாண்டில் திருச்சபை அறிஞர் ஜெரோம் எடுத்துக்காட்டும், விவிலியத்தில் சேராத எபிரேயர் நற்செய்தியில், தாயும் சகோதரர்களும் கூப்பிட, ‘நான் என்ன பாவம் செய்தேன், போய் அவரிடம் முழுக்குப் பெற?’ என்று இயேசுவே கேட்கிறார்.

மாற்கு பளிச்சென்று சொன்னதை மற்றவர்கள் மென்று விழுங்குகிறார்கள். ஆனால் ஒருவராலும் யோவானைக் கதையிலிருந்து அடியோடு தூக்க முடியவில்லை. யோவான் சின்ன ஆள் இல்லை. அவருக்குச் சேர்ந்த கூட்டத்தைப் பற்றியும் ஏரோது அவரைக் கொன்றதைப் பற்றியும் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் தனியாகவே எழுதியிருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது, இல்லையா? நண்பர் ஒருவர் தனிமடலில் ‘பூசணிக்காய் விதி’ என்றே வைத்துவிடச் சொன்னார். ஆசையாகத்தான் இருக்கிறது, இதழாசிரியர் விட மாட்டார்.

> ‘இடறல்’ விவிலியத்திலேயே உள்ள சொல். அதை விட்டுவிட்டு வெளியே தேடுவானேன்?

ஃபாதர், உங்கள் யோசனையைத் தள்ளத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் இடறலும் கேட்பவர் பக்கத்துச் சொல். சிலுவையில் அறையுண்ட மெசியா யூதருக்கு இடறல் என்று எழுதும் பவுல் அதைச் சொல்லக் கூசவில்லை. இன்னொரு கடிதத்தில் சிலுவையைத் தவிர வேறெதிலும் பெருமை பாராட்ட மாட்டேன் என்கிறார். கேட்பவர் இடறினார், சொன்னவர் நிமிர்ந்து நின்றார். இடறல் என்று பெயர் வைத்தால் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடும்.

> சங்கடம் வடசொல். ‘இக்கட்டு’ இருக்கும்போது அது எதற்கு?

ஐயா, எனக்கும் இக்கட்டு பிடித்திருந்தது. ‘கிரைட்டீரிய’னுக்கு அளவுகோலைவிட உரைகல் (தங்கத்தை உரசிப் பார்க்கும் கல்) பொருந்தும் என்று நினைத்திருந்தேன், அதோடு சேர்த்து எழுதிப் பார்த்தேன்: ‘இக்கட்டுரைகல்’. என் மகள் எட்டிப் பார்த்து, “எந்தக் கட்டுரைப்பா?” என்றாள். புணர்ச்சி விதி நம் காலை வாரிவிட்டது. பிரித்து எழுதலாம்தான், அச்சுக் கோப்பவர் சேர்த்துவிட்டால் போச்சு. அதைவிடப் பெரிய காரணம், இக்கட்டில் மாட்டியவர் செயலில் மாட்டியவர், வழி தெரியாமல் நிற்பவர். இங்கே மாட்டியிருப்பது நாக்கு. ‘எப்படிச் சொல்றதுன்னே சங்கடமா இருக்கு’ என்று நாம் தினமும் சொல்கிறோமே, அதுவேதான் மத்தேயுவின் நிலைமை. சங்கடஹர சதுர்த்தி நினைவுக்கு வருகிறது என்று கிண்டல் செய்தவருக்கு: அங்கே சங்கடம் என்றால் துன்பம், இங்கே கூச்சம். பேச்சில் இந்த இரண்டாவது பொருள்தான் இன்று முந்தி நிற்கிறது.

> உரைகல் வேண்டாம். அது தங்கமா பித்தளையா என்று தீர்ப்பே சொல்லிவிடும். இந்த முறையால் அது முடியாது என்பதுதானே இப்போதைய விமர்சனம்?

இழையிலேயே கனமான கேள்வி இது. விமர்சனம் உண்மை. நமக்குத் தலைகுனிவாகத் தெரிவது முதல் நூற்றாண்டுக்காரருக்கு அப்படி இருந்ததா என்று எப்படித் தெரியும்? அவ்வளவு சங்கடம் என்றால் ஏன் எழுதி வைத்தார்கள்? கிறிஸ் கீத், ஆண்டனி லெ டான் என்ற ஆய்வாளர்கள் தொகுத்து 2012இல் வந்த கட்டுரைகள் இந்த அளவுகோல்களின் அடித்தளத்தையே கேள்வி கேட்டன.

ஆனால் உரைகல் அப்படியா வேலை செய்கிறது? அம்மாவின் வளையலை அடகு வைக்கப் போனபோது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கடைக்காரர் கறுப்புக் கல்லில் வளையலை ஒரு இழு இழுத்தார். அதோடு நிறுத்தவில்லை. தரம் தெரிந்த தங்கத்தால் பக்கத்திலேயே இன்னொரு கோடு போட்டு, இரண்டையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். ஒற்றைக் கோட்டை வைத்து எந்த ஆசாரியும் பேச மாட்டார். அவர் சொல்வதும் ஆம், இல்லை அல்ல. எத்தனை மாற்று என்று. பத்தரை மாற்று என்ற பேச்சே அங்கிருந்து வந்ததுதானே. மாற்குவின் கோட்டுக்குப் பக்கத்தில் மத்தேயுவின் கோடு, அதற்குப் பக்கத்தில் லூக்காவின் கோடு என்று போட்டுப் பார்ப்பதுதான் இந்த முறையில் தேறும் பகுதி என்பது என் எண்ணம். சங்கடம் மாற்குவிடம் இல்லை, திருப்பிச் சொன்னவர்களிடம்தான் இருக்கிறது. ‘அளவுகோல்’ என்றால் இந்த ஒப்பீடு தொலைந்துபோகும். ஒரு நூலை மட்டும் வைத்து அளந்துவிடலாம் என்று தோன்றும்.

ஆக, என் வாக்கு ‘சங்கட உரைகல்’லுக்கு. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

‘நாசரேத்தில் இயேசுவால் வல்ல செயல் எதையும் செய்ய முடியவில்லை, சில நோயாளிகளைக் குணமாக்கியதைத் தவிர என்கிறார் மாற்கு (6:5), பல செயல்களைச் செய்யவில்லை என்று மாற்றுகிறார் மத்தேயு (13:58). முடியவில்லை என்பது செய்யவில்லை என்று ஆன இடத்தில் சங்கட உரைகல்லில் கோடு விழுகிறது.’

எனக்கு ஓடுகிறது. மறுப்பவர்கள் தங்கள் சொல்லை இதே வாக்கியத்தில் போட்டு அனுப்புங்கள், சனிக்கிழமை வரை காத்திருக்கிறேன். ‘மல்டிபிள் அட்டஸ்டேஷன்’ (ஒரே செய்தியைப் பலர் தனித்தனியே சொல்வது) அடுத்து வரிசையில் நிற்கிறது. ‘பன்முகச் சான்று’ என்று இப்போதைக்குப் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். முகம் வேண்டாம், வாய் வேண்டும் என்று தோன்றுகிறது. ‘பல்வாய்ச் சான்று’ என்றால் சிரிப்பீர்களா?

அன்புடன்,
கேள்வி கேட்டவன்