ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்கு வெப்சைட் போட்ட அனுபவம்

காரைக்குடிப் பக்கம் ஒரு டைல்ஸ் பட்டறைக்கு நான் செய்த வெப்சைட்டைப் பற்றிச் சொல்கிறேன். முதலில் செய்தது எடுபடவே இல்லை. முகப்பில் கண்ணாடி மேல் வண்ணச் சிமெண்ட் ஊற்றுகிற பெரிய வீடியோ, கீழே தாத்தா காலத்துக் கதை, கடைசியில் ஏழு கட்டம் வைத்த படிவம். பார்த்தவர்கள் எல்லாம் அழகாக இருக்கிறது என்றார்கள், படிவத்தை நிரப்பத்தான் ஆளில்லை.

பட்டறை அண்ணன், "தம்பி, ஒருநாள் இங்க உட்கார்ந்து வர்ற போனை எல்லாம் நீங்களே எடுங்க" என்றார். எடுத்தேன். சதுர அடி என்ன விலை, எங்க ஹாலுக்கு எத்தனை கல் வேணும், கோயம்புத்தூர் வரைக்கும் உடையாம வந்து சேருமா, வழுக்குமா. காலையிலிருந்து சாயங்காலம் வரை இவையேதான், இதில் ஒன்றுக்குக்கூட என் வெப்சைட்டில் பதில் இல்லை!

அப்புறம் எல்லாவற்றையும் மாற்றினேன். விலையை மேலேயே போட்டோம். 8 அங்குலக் கல் 100 சதுர அடிக்கு 225 வேண்டும், 10 அங்குலம் என்றால் 144, வெட்டுக்கும் உடைசலுக்கும் கொஞ்சம் கூடுதல். நீள அகலம் போட்டால் கணக்கு வரும், கீழே பட்டனைத் தொட்டால் "ஹால் 180 சதுர அடி, 405 கல்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி தயாராக நிற்கும், அனுப்பினால் போதும். வீடு கட்டுகிறவர்கள் பாதி வேலை நடக்கிற இடத்தில், சரியாக சிக்னல் கிடைக்காத போனில்தான் பார்க்கிறார்கள் என்பதால் வீடியோவை எடுத்துவிட்டு, வாங்கியவர்கள் வீட்டுத் தரையைச் சின்னப் படங்களாக வைத்தேன்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் அண்ணன் ரொம்பத் தயங்கினார். கையால் செய்வது, கல்லுக்குக் கல் நிறம் கொஞ்சம் மாறும். சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்துப் பதமாக்குவதால் நாளாகும். ஆசிட் ஊற்றிக் கழுவக் கூடாது. இதையெல்லாம் எழுதினால் வருகிறவர் ஓடிவிடுவார் என்று பயந்தார். நான் விடவில்லை. இப்போது கூப்பிடுகிறவர்கள், "நிறம் மாறும்னு போட்டிருந்தீங்க, அது பரவாயில்ல, எப்ப கிடைக்கும்?" என்றே பேச்சை ஆரம்பிக்கிறார்கள்.

முன்பணத்தை வெப்சைட்டிலேயே வாங்கலாமா, நேரில் கல்லைப் பார்த்த பிறகா என்பதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் பேச்சு முடியவில்லை. கைவேலைப் பொருள் விற்கிறவர்கள் நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?